லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அலுவலரும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் பழங்கட்டடங்களை 1858 ஆம் ஆண்டில் அரசுக்காகப் படமெடுத்தார். பிற்காலச் சீரமைப்புகளுக்கு முன் இக்கட்டடங்கள் எந்நிலையில் இருந்தன என்பதை அறிய இவரது படங்கள் முதன்மையான சான்றுகளாக உள்ளன.

இளமைக்காலம்

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த டிரைப், பதின்ம வயதிலேயே படையில் சேர்ந்து தென்னிந்தியா வந்தார். பின்னர் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைப் பயின்று, 1853 இல் இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார். 1854 இறுதியில் அவர் எடுத்த பேளூர், ஹளேபீடு கோயில் படங்கள் மறு ஆண்டு சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் பரிசு பெற்றன. 1855 இல் பர்மாவுக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் பயணம் செய்து படமெடுத்தார். 1856 இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார்.

தமிழ்நாட்டுப் பயணம்

வட இந்தியாவில் சிப்பாய்களின் எழுச்சி அடங்காதிருந்த 1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். கருவிகள் மாட்டு வண்டிகளில் சென்றன. அக்காலத்தில் பரவிவந்த கண்ணாடித் தகட்டு முறையில், தகட்டில் மருந்து பூசி ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெயில் மிகுந்த நாட்டில் இது எளிதன்று. எனவே பெரிய படங்களுக்கு மெழுகூட்டிய தாளையே அவர் பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே அணியப்படுத்தி உலர்ந்த நிலையில் எடுத்துச் செல்ல முடியும். ஆனால் ஒளி நெடுநேரம் படவேண்டியிருந்ததால் நடமாடும் மனிதர்கள் பதிவாகவில்லை. அவரது படங்களில் ஊர்கள் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இதுவே பெரிதும் காரணம். வெறுமையாகப் பதிந்த வானத்தில் மேகங்களை அவர் வண்ணம் தீட்டிச் சேர்த்ததும் உண்டு. படங்களைச் சான்றாகக் கொள்வோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், முற்றுப்பெறாத இராய கோபுரத்தின் கற்றூண்கள், வைகையாற்றின் குறுக்கே அமைந்த பாதை ஆகியவற்றை அவர் படமெடுத்தார். கோட்டையை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூணும் இவற்றுள் ஒன்று. திருமலை நாயக்கர் அரண்மனைப் படங்கள் தனிச்சிறப்புடையவை. நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த காலத்தில் (1866–1872) அரண்மனை பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முந்தைய சிதைந்த தோற்றத்தை டிரைப்பின் படங்களிற் காணலாம். மதுரைக்குத் தெற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊர்களுக்கு அவர் தனித்தொகுதி வெளியிடவில்லை. திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் மற்றோர் அரண்மனை உள்ள திருவில்லிபுத்தூருக்கு இது ஓர் இழப்பே எனலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியது அவரது பெருமுயற்சியாகும். இக்கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1886 இல் ஆராயத் தொடங்கிய பிறகே உறுதிப்பட்டது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்துகள் படமாகிவிட்டன. தஞ்சாவூர்த் தொகுதிக்கு விளக்கக் குறிப்புகள் எழுதியவர், பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் ஆவார்.

பயணம் முடிந்தபின் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் டிரைப் படமெடுத்தார். அவற்றுட் பெரும்பகுதி அடுத்த ஆண்டே இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டது.

பணி நிறுத்தம்

1859 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், அரசுச் செலவைக் குறைக்கும்பொருட்டு, ஒளிப்படப் பணியை ஆடம்பரமாகக் கருதி நிறுத்தினார். மாகாணம் முழுவதையும் படமெடுக்கும் திட்டம் இவ்வாறு இடையில் முறிந்தது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சில. மதிப்புநிலை மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்று, டெவன்போர்ட்டில் காலமானார்.

நெடுங்காலம் ஆய்வாளர் வட்டத்தில் மட்டுமே அறியப்பட்டிருந்த அவரது படங்கள், 2014–2015 ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.