தஞ்சை சுவார்ட்ஸ் ஐயர் சரித்திரம்

மதத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன்படி ஒழுகுவோர் சிலர். அச்சிலருள்ளும், தம் மதத்தினரேயன்றிப் பிற மதத்தினரும், நண்பரேயன்றிப் பகைவரும், இவர் சொன்னால் சொன்னபடி செய்வார் என்று ஐயமற நம்பும்படி வாழ்ந்தோர் மிகச் சிலரே. அத்தகைய அபூர்வ புருஷர்களுள் ஒருவர் கிறிஸ்டியன் பிரடரிக் சுவார்ட்ஸ் ஐயர். அந்நிய தேசத்தில் பிறந்து, ஏறக்குறைய 48 ஆண்டுகள் தமிழ்நாட்டில் உழைத்து, தஞ்சாவூர் மண்ணிலேயே அடக்கமான அப்பெரியாரின் வரலாற்றை நம் சங்கத்து அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

சுவார்ட்ஸ் 1726-ம் ஆண்டில் பிரஷ்யா தேசத்து ஸோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இக்காலத்தில் போலந்து நாட்டைச் சேர்ந்துள்ளது. குழந்தைப் பருவத்திலேயே அவர் தாயை இழந்தார். அவ்வம்மையார் மரணப்படுக்கையில் கணவரையும் தம் ஊர்க் குருவையும் அழைத்து, இப்பிள்ளையைத் தாம் கடவுளுடைய ஊழியத்துக்கென்று ஒப்புவித்திருப்பதாகவும், வளர்ந்தபின் அவன் அவ்வழியிற் செல்ல விரும்பினால் தடுக்கலாகாதென்றும் கேட்டுக்கொண்டு கண்மூடினார்.

சுவார்ட்ஸ் வளர்ந்து ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையிற் பயின்றார். தமிழ்நாட்டில் பல்லாண்டு ஊழியம் செய்து திரும்பியிருந்த ஷூல்ட்ஸ் ஐயர் அப்பொழுது அந்நகரில் தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அம்முயற்சிக்குத் துணைபுரியும் பொருட்டு இளைஞராகிய சுவார்ட்ஸ் அவரிடம் தமிழ் கற்றார். அச்சு வேலை நிறைவேறவில்லை. கற்ற தமிழோ வீண்போகவில்லை. தமிழ்நாட்டுக்குச் செல்ல அழைப்பு வந்தபொழுது, அவர் தந்தையின் உத்தரவைப் பெற்று, பிதிரார்ஜிதத்தில் தமக்குரிய பாகத்தை உடன்பிறந்தார்க்கே விட்டுக்கொடுத்துப் புறப்பட்டார். தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத இந்த முதற் செய்கையே அவருடைய வாழ்நாள் முழுமைக்கும் முகவுரையாக அமைந்தது.

1750-ம் ஆண்டில் அவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அது அக்காலத்தில் டேனிஷ்காரர் வசத்திலிருந்த துறைமுகம். வந்த நான்கு மாதத்துக்குள் அங்குள்ள கோவிலில் தமிழிற் பிரசங்கம் செய்தார். பின்னர்ப் போர்த்துகேசியம், ஆங்கிலம், பாரசீகம், இந்துஸ்தானி, மராட்டி ஆகிய பாஷைகளையும் கற்றார். யாரிடம் பேச நேர்ந்ததோ அவருடைய பாஷையிலேயே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. நவாபின் மனிதரோடு பாரசீகத்திலும், தஞ்சை அரண்மனையில் மராட்டியிலும், குடியானவரோடு தமிழிலும் பேசினார்.

எளிய வாழ்க்கை

1762-ம் ஆண்டில் அவர் கால்நடையாகவே தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் பிரயாணம் செய்தார். அதுமுதல் பல ஆண்டு திருச்சிராப்பள்ளியே அவருக்கு இருப்பிடமாயிற்று. பழங்கட்டிடம் ஒன்றில், படுக்கை போடவும் நிமிர்ந்து நிற்கவும் மாத்திரம் இடமுள்ள ஓர் அறையில் வசித்தார். சோறும் காய்கறியும் இந்நாட்டு முறையிற் சமைத்ததையே உண்டார். விவாகம் செய்துகொள்ளவில்லை.

பட்டாளத்துச் சிப்பாய்களுக்கும் அவர் குருவாக இருந்து, நோயுற்றோரைப் பார்த்தும் இறந்தோரை அடக்கம் செய்தும் உதவினார். அதற்காகக் கும்பினியார் பிற்காலத்தில் வருஷத்துக்கு 100 பவுன் சம்பளம் ஏற்படுத்தினர். அப்பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடம் கட்டினார். சபையிலுள்ள ஏழைகளுக்குச் செலவிட்டார். அதனால் தம் உணவிலோ உடையிலோ ஒரு மாறுதலும் செய்துகொண்டாரில்லை. இயேசுநாதர் நாளைய உணவைக் குறித்துக் கவலைகொள்ளாதிருக்கும்படி கற்பித்ததை, ஏட்டில் உள்ள வாசகமாக அன்றி, வீட்டுக்கணக்கிலே கைக்கொண்டார் எனலாம்.

ஹைதர் அலியிடம் தூது

1778-ம் ஆண்டுமுதல் அவர் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கினார். மறு வருஷம் சென்னைக் கவர்னர் ரம்போல்டு துரை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் மனநிலையை அறிந்துவரவும், கும்பினியார் சமாதானத்தையே விரும்புகின்றனர் என்று தெரிவிக்கவும், சுவார்ட்ஸ் ஐயரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். சண்டையைத் தவிர்ப்பது குருவானவர்க்கும் உரிய தொழிலே என்று கருதி ஐயர் இசைந்தார். வழிச்செலவுக்கு வேண்டியதன்றி வேறு வெகுமதி எதுவும் பெறமாட்டேன் என்பது மட்டும் அவர் விதித்த நிபந்தனை.

ஹைதர் அவரை அருகில் கம்பளத்தின்மேல் அமர்த்தி மரியாதையோடு பேசினார். ஹைதருடைய சேனையிலிருந்த ஐரோப்பியர் கூடி ஆராதனை செய்யவும் தடையிருக்கவில்லை. திரும்பும்போது பிரயாணச் செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் அளித்தார். ஐயர் அதனைச் சென்னைச் சர்க்காரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அதனை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லவே, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அத்தொகையை மூலதனமாக்கினார்.

ஆயினும் தூது பலிக்கவில்லை. 1780-ம் ஆண்டில் யுத்தம் மூண்டு, ஹைதரின் பெருஞ்சேனை கர்நாடக தேசத்துள் புகுந்தது. சமாதானம் முறிந்தது, ஐயர்மீது ஹைதருக்கிருந்த மதிப்போ முறியவில்லை. இப்பாதிரியார் புண்ணிய புருஷர், நம் இராஜ்யத்துக்குத் தீங்கு நினையாதவர், இவரை எவரும் தடுக்காமல் மரியாதையாகப் போகவிடவேண்டும் என்ற கருத்தோடு ஹைதர் தம் படைத்தலைவர்க்கு உத்தரவிட்டார். இரு திறத்துச் சேனைகளுக்கும் நடுவே ஆயுதமின்றிப் போய்வந்த மனிதர் அவர்.

பஞ்சத்தில் செய்த உதவி

யுத்தத்தைப் பின்தொடர்ந்து பஞ்சம் வந்தது. கிராமங்களினின்று ஓடிவந்த ஜனங்களால் தஞ்சைக் கோட்டை நிறைந்தது. காலையில் வீதியிற் செல்வோர், இரவில் பசியால் மாண்டோரின் உடல்களைக் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. இக்கேடு வருமென்று முன்னரே உணர்ந்த ஐயர், நெல் மலிவாக இருந்தபொழுதே நண்பர் உதவியால் பெருந்தொகை வாங்கிச் சேமித்திருந்தார். அதனைக் கொண்டு ஏழைகளுக்கு நாள்தோறும் உணவளித்தார்.

ஆனால் கோட்டை முழுவதற்கும் அது போதாது. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது, கொண்டுவர மாடுகளில்லை. குடியானவரிடம் முன்பு தானியமும் மாடும் வாங்கிக் கிரயம் கொடாது ஏமாற்றியிருந்தபடியால், அவர்கள் அரசர் உத்தரவையும் நம்பவில்லை. ஆங்கிலச் சேனாபதியின் உறுதியையும் நம்பவில்லை. நாம் எல்லோரும் நம்பிக்கை இழந்தோம், சுவார்ட்ஸ் ஐயரையாவது ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று இறுதியில் அரண்மனையார் அவரிடமே பொறுப்பை ஒப்புவித்தனர்.

ஐயர் கிரயத்துக்குத் தாமே உத்தரவாதம் என்று எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகளுக்குமேல் வந்து சேர்ந்தன. அவர் அனுப்பிய உபதேசிமார் உயிரையும் பொருட்படுத்தாது நாட்டுப்புறம் சென்று, குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கொணர்ந்தனர். கோட்டை பிழைத்தது. வேலை முடிந்தவுடன் ஐயர் ஒவ்வொருவர்க்கும் சேரவேண்டிய பணத்தைக் கொடுத்தார். கையிற் பணம் போதாதபொழுது, தம்மிடமிருந்த பிறர் பணத்தையும் எடுத்துக் கொடுத்து, சிறு வெகுமதியும் சேர்த்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அரசனது முத்திரை செய்ய இயலாததை ஒரு சந்நியாசிபோன்ற மனிதரின் வார்த்தை செய்தது.

யுத்தம் ஓய்ந்தபின்னும் இவ்வாறே ஒன்று நிகழ்ந்தது. வரி வாங்கிய அதிகாரிகளின் கொடுமையால் 65,000 பேர் தஞ்சைச் சீமையை விட்டு ஓடினர். வயல்கள் தரிசாயின. அரசர் திரும்ப அழைத்தும் வந்தாரில்லை. இனி நியாயமாக நடத்தப்படுவீர்கள் என்று ஐயர் வாக்களித்தபின், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். ஆனி மாதத்தில் தொடங்கவேண்டிய வேலை, புரட்டாசி வந்துவிட்டது, ஆதலால் விரைந்து உழுங்கள் என்று அவர் வேண்டினார். நீர் எங்களுக்கு இரக்கம் காட்டினீர், நாங்கள் இரவும் பகலும் உழைத்து அதற்கு நன்றி காட்டுவோம் என்ற கருத்துப்பட அவர்கள் மறுமொழி கூறினர்.

இளவரசரின் காவலர்

இனி, அவருடைய வாழ்க்கையில் மிகக் கடினமான பொறுப்பைக் கூறுவோம். 1787-ம் ஆண்டில் துளஜா மகாராஜா நோயுற்றார். அவர் புத்திரரின்றித் தம் வம்சத்தைச் சேர்ந்த சரபோஜி என்னும் பத்து வயதுச் சிறுவரைத் தத்தெடுத்து, ஐயரை அழைத்து, இப்பிள்ளை இனி உம்முடையவன் என்று அவர் கையில் ஒப்புவித்தார். அதிகாரத்தை விரும்புவோர்க்கு இதனினும் பெரிய வாய்ப்பு வேறில்லை. ஐயரோ, அரண்மனைச் சூழ்ச்சிகளினின்று குழந்தையைக் காக்கத் தம்மால் இயலாது, மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் தாம் வந்து பார்க்கக்கூடும் என்று எடுத்துரைத்து, மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் ஒப்புவிக்க ஆலோசனை கூறினார்.

அடக்கத்தாற் பிறந்த அவ்வாலோசனை நற்பலன் தரவில்லை. துளஜா மகாராஜா காலமானபின் அமர்சிங்கே சிங்காதனம் ஏறினார். சரபோஜியின் தத்து செல்லாதென்று தீர்ப்பாயிற்று. சிறுவர் வெளிச்சமும் கல்வியுமின்றி அரண்மனையில் அடைபட்டிருந்தார். இதனையறிந்த ஐயர் கைகழுவி நின்றாரில்லை. இறந்த மன்னர் தம் கையில் வைத்த சொல் தம்மைக் கட்டும் என்று கொண்டு, சென்னைச் சர்க்காருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். 1793-ம் ஆண்டில் சரபோஜியையும் காலஞ்சென்ற மன்னரின் தேவிமாரையும் பாதுகாப்பாகச் சென்னைக்கு அழைத்துச் செல்லச் செய்தார். அங்கே கெரிக்கே ஐயர் இளவரசரின் கல்வியைக் கவனித்தார். தத்தின் வழக்கையும் சுவார்ட்ஸ் ஐயர் விடாது எடுத்துரைத்தமையால், சரபோஜியின் உரிமை முடிவில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பிள்ளைகளை வளர்த்தல்

தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றுதற்கு ரெஸிடெண்டு சல்லிவன் துரையோடு ஐயரும் காரணராயிருந்தார். எல்லா மதத்துப் பிள்ளைகளும் பயின்ற அப்பள்ளிகளில், வஞ்சக வழியால் எவரையும் மதத்திற் சேர்க்கலாகாது என்பதை அவர் உறுதியாகக் கொண்டிருந்தார். திருநெல்வேலிச் சீமையினின்று பன்னிரண்டு வயதில் அவரோடு தஞ்சைக்கு வந்த சிறுவரே, பிற்காலத்தில் தமிழ்க் கவிஞராகப் புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார்.

மரணம்

1798-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13-ந் தேதி, ஐயர் தஞ்சாவூரில் தம் மாணாக்கர் கைகளிலேயே உயிர்நீத்தார். இருந்த பொருளை ஏழைகளுக்கும் சபைக்கும் எழுதிவைத்தார். சரபோஜி ஓடிவந்து, உடலைக் கண்டு கண்ணீர் சொரிந்து, பொற்றுகில் போர்த்தினார். அவர் சிங்காதனம் ஏறியது அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான். பத்தாண்டு பாடுபட்ட காவலர் அதனைக் காண இருக்கவில்லை.

சரபோஜி மன்னர் தம் முன்னோர் மதத்திலேயே நிலைத்திருந்தார். எனினும் தம் குருவை மறந்தாரில்லை. ஐயரின் நினைவுக்கு ஆங்கிலத்திற் செய்யுளியற்றிக் கல்லிற் பொறிப்பித்தார். கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் அளிக்க வகைசெய்தார். பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு ஞாபகச் சின்னம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டைக் கோவிலில் நிறுவினார். மரணப்படுக்கையிலுள்ள குருவின் பக்கத்தில் மன்னர் நிற்கும் அச்சித்திரத்தை இன்றும் காணலாம்.

அன்பர்காள்! ஐயரிடம் சேனையில்லை, செல்வமில்லை, பதவியில்லை. தமக்கென்று ஒன்றும் வேண்டாதவர் என்பதை எல்லோரும் கண்ணாரக் கண்டமையால், அவர் வாய்ச்சொல் பொன்னினும் மேலாகச் செலாவணியாயிற்று. கடவுளை நம்பினவரை மக்கள் நம்பினர். நாமும் எம்மதத்தினராயினும், கொடுத்த வாக்கைக் காத்தலும், வாங்கிய கிரயத்தைத் தவறாது செலுத்தலும், தம் ஆலோசனை தவறாயின் அதன் பாரத்தைத் தாமே சுமத்தலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் வைத்துச் செல்லத்தக்க ஆஸ்தி என்று உணர்வோமாக. அவ்வாஸ்தி நம் குடும்பங்களிலும் பெருகுமாக.