சிறுவனுக்காகப் போர் செய்த மன்னர்

சுமார் 400 வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூரை ரகுநாத நாயக்கர் ஆண்டார். அவருக்கு மேலே விஜயநகரப் பேரரசர் இருந்தார்.

1614-ல் பேரரசர் வேங்கடர் இறந்தார். அவருடைய அண்ணன் மகன் ஸ்ரீரங்கர் அடுத்த அரசர் ஆனார். ஜக்கராயர் என்ற தலைவருக்கு அது பிடிக்கலை. தன் உறவுக்காரப் பையனை அரசனாக்க நினைத்தார். அதனால் ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையில் அடைத்தார். பிறகு கொன்றுவிட்டார்.

ஆனால் ஒரு மகன் தப்பித்தான். அவன் பெயர் ராமதேவன். துணி வெளுப்பவர் ஒருவர், அவனைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தாராம்! யாசம நாயக்கர் என்ற வீரர் அவனைப் பாதுகாத்தார்.

மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயர் பக்கம் சேர்ந்தார்கள். ரகுநாதர் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் ராமதேவன் பக்கம் நின்றார்.

கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூர் என்ற ஊர் இருக்கிறது. 1616-1617 வாக்கில் அங்கே பெரிய போர் நடந்தது. இரண்டு பக்கமும் ரொம்பப் பேர் இறந்தார்கள். ஜக்கராயரும் இறந்தார். ராமதேவன் பேரரசன் ஆனான்.

ரகுநாதருக்குச் சண்டை மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீங்க. அவர் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் நூல்கள் எழுதினார். கும்பகோணத்தில் ராமசாமி கோவில் கட்டினார். வீணையும் நல்லா வாசிப்பார். இன்றைய வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. அந்த அமைப்பு அவர் காலத்தில் வந்தது என்று சொல்வார்கள்.

அடுத்த தடவை வீணையைப் பார்த்தால், மெட்டுகளை எண்ணிப் பாருங்க!