ஓலே எவின்ரூட்

ஓலே எவின்ரூட் (ஏப்ரல் 19, 1877 – ஜூலை 12, 1934) நோர்வேயில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர், தொழிலதிபர் ஆவார். வணிக அளவில் வெற்றி கண்ட முதல் வெளிப்பொருத்தும் படகு இயந்திரத்தை உருவாக்கியவராக இவர் அறியப்படுகிறார். படகின் உட்புறத்தில் நிலையாகப் பொருத்தப்படும் உட்பொருத்தும் இயந்திரத்திற்கு மாற்றாக, படகின் பின்புறப் பலகையில் மாட்டிக் கழற்றக்கூடியது இது.

இளமை

நோர்வேயின் வர்டால் பகுதியில் பிறந்த எவின்ரூட், சிறு வயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் குடியேறினார். முறையான பொறியியல் கல்வி பெறவில்லை. 16ஆவது வயதில் மேடிசன் நகருக்குச் சென்று இயந்திரப் பட்டறைகளில் வேலை செய்துகொண்டே பொறியியலைத் தாமாகக் கற்றார்.

கண்டுபிடிப்பு

1906 ஆம் ஆண்டின் கோடையில் ஓர் ஏரிக்கரையில், பின்னர் மனைவியான பெஸ் கேரிக்காகப் பனிக்கூழ் வாங்கத் துடுப்பு வலித்துச் சென்றதாகவும், திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாகவும், அதுவே கண்டுபிடிப்பைத் தூண்டியதாகவும் கூறப்படுகிறது. எனினும் இத்துறையில் இவர் முதல்வர் அல்லர். பிரான்சின் குஸ்தாவ் துரூவே 1881 இல் செய்ன் ஆற்றில் மின்சார வெளிப்பொருத்தும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார் (காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது). அமெரிக்காவிலும் கேமரன் வாட்டர்மன் இவருக்கு முன்பே பெட்ரோல் இயந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எவின்ரூட்டின் இயந்திரம் உறுதியானதாகவும் எளிதில் கையாளத்தக்கதாகவும் இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

1909 இல் விற்பனைக்கு வந்த இவ்வியந்திரத்தின் திறன் 1.5 குதிரைத்திறன், எடை 62 பவுண்டு (சுமார் 28 கிலோகிராம்), விலை 62 டாலர். இதன் மாற்றித்தண்டு செங்குத்தாகச் சுழலும். அச்சுழற்சி கீழ்நோக்கிய தண்டின் வழியே நீருக்கடியில் உள்ள சாய்வுப் பற்சக்கரங்களை அடைந்து, கிடைத்தண்டிலுள்ள சுழல்விசிறியைச் சுழற்றும். இயந்திரம் முழுவதையும் திருப்பிப் படகின் திசையை மாற்றலாம் என்பதால் தனிச் சுக்கான் தேவையில்லை.

விற்பனையும் மீள்வருகையும்

நிறுவனத்தின் கணக்குகளையும் விளம்பரங்களையும் பெஸ் கவனித்தார். அவரது உடல்நலம் குன்றவே, நன்கு வளர்ந்துகொண்டிருந்த நிறுவனத்தை எவின்ரூட் பங்குதாரர் கிறிஸ் மேயரிடம் விற்றார். 5 ஆண்டுகளுக்கு இத்தொழிலில் ஈடுபடக்கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை. தன் பெயரைத் தாங்கிய தொழிற்சாலையில் இவருக்கு இடமில்லாது போயிற்று.

காலக்கெடு முடிந்ததும் அலுமினியத்தை மிகுதியாகப் பயன்படுத்தி, எடை குறைந்த இரட்டை உருளை இயந்திரத்தை வடிவமைத்தார். மேயர் அதனை ஏற்காததால், எல்டோ என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கித் தன் பழைய நிறுவனத்துடனேயே போட்டியிட்டார். 1928 இல் எல்டோ வெளியிட்ட நான்கு உருளை இயந்திரம் 18 குதிரைத்திறன் கொண்டது. 1929 இல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் ஆகிய மூன்று நிறுவனங்களும் இணைக்கப்பட்டு, எவின்ரூட் அவற்றின் தலைவரானார். பெஸ் 1933 இல் காலமானார். அடுத்த ஆண்டு எவின்ரூட்டும் மில்வாக்கியில் காலமானார். மகன் ரால்ஃப் தொழிலைத் தொடர்ந்தார்.

காரைக்கால் கடற்கரையில்

இவ்விருவகை இயந்திரங்களின் வேறுபாட்டைக் காரைக்காலில் தெளிவாகக் காணலாம். அரசலாற்று முகத்துவாரத்தில் உள்ள மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் இழுவலை விசைப்படகுகள் உட்பொருத்தும் டீசல் இயந்திரம் கொண்டவை. இவை எடை மிக்கவை, நீண்ட நாள் உழைப்பவை, வலையை இழுக்கும் வலிமை உடையவை. ஆனால் நிலையான சுழல்விசிறி மணலில் இடிபடும் என்பதால் இவற்றுக்குத் துறைமுகம் இன்றியமையாதது. அலைகளைக் கடந்து மணற்கரையேறும் கண்ணாடியிழைப் படகுகளுக்கோ, கரை நெருங்கியதும் தூக்கிவிடத்தக்க இயந்திரமே பொருந்தும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து, இவ்வகைப் படகுகள் பெருகின. நீண்ட தண்டின் முனையில் சுழல்விசிறி கொண்ட டீசல் இயந்திரங்களும் இவற்றில் பயன்படுகின்றன. இவை எவின்ரூட்டின் வடிவமைப்பைச் சேர்ந்தவை அல்ல எனினும், தூக்கிவிடத்தக்கவை.

எவின்ரூட் பிறந்த நோர்வே நாட்டின் உதவியுடன் கேரளத்தின் நீண்டகரையில் 1953 இல் தொடங்கிய இந்தோ-நோர்வே திட்டம், இந்திய மீனவர்களிடம் பரப்ப முயன்றது உட்பொருத்தும் இயந்திரங்களையே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

1958 இல் எவின்ரூட் நிறுவனம் 50 குதிரைத்திறன் இயந்திரத்தை வெளியிட்டது. 2021 இல் மெர்க்குரி நிறுவனம் 600 குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொருத்தும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. முன்பு உட்பொருத்தும் இயந்திரங்களுக்கே உரியதாயிருந்த பெரிய உல்லாசப் படகுகளிலும் இத்தகைய இயந்திரங்கள் இடம்பெறத் தொடங்கின. எவின்ரூட் வணிகப்பெயரிலான உற்பத்தி அதற்கு முந்தைய ஆண்டான 2020 இலேயே நிறுத்தப்பட்டது.