காப்பி இலையின் கதவைக் கண்டவர்



இலங்கை என்றதும் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் அங்கே மலை மலையாக நின்றது காப்பி. தமிழ்நாட்டிலிருந்து கூட்டங்கூட்டமாகப் போன நம்மவர்கள் முதலில் காப்பிப் பழம் பறிக்கத்தான் போனார்கள். அந்தக் காப்பி எப்படி அழிந்தது என்று ஆராயப் போன ஓர் இளைஞரின் கதை இது. அவர் பெயர் ஹாரி மார்ஷல் வார்டு.

1854-இல் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு நகரில் பிறந்தார். தகப்பனார் இசைக்கலைஞர். வீட்டில் பணமுடை. ஆகவே 14 வயதில் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. பையன் சும்மா இருந்தானா? இரவு வகுப்புக்குப் போய்ப் படித்தான். (டியூஷன் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்!) பிறகு லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் பாடம் கேட்டு, 1876-இல் உபகாரச் சம்பளத்துடன் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, 1879-இல் முதல் வகுப்பில் தேறினார்.

மறு வருஷமே அரசாங்கம் அவரை இலங்கைக்கு அனுப்பியது. அங்கே 1869 முதல் காப்பி இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பொடி படிந்து கொண்டிருந்தது. பொடி படிந்த இலை உதிர்ந்துவிடும். இலை போனால் காய் ஏது? மண் சரியில்லை என்றார் ஒரு துரை; மழை சரியில்லை என்றார் இன்னொருவர். நோய்க்கு எமிலி என்று கேலிப் பெயர்கூட வைத்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் பல தோட்டங்கள் கடனில் மூழ்கின. கூலியின்றித் தவித்த தொழிலாளியின் கஷ்டத்தை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வார்டு பேராதனையில் இருந்துகொண்டு இரண்டு ஆண்டு பாடுபட்டார். பிசுபிசுப்பான திரவம் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்தார். காற்றில் வந்த மஞ்சள் பொடி அதில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பொடி பூசணத்தின் வித்து என்று அறிந்தார். அது இலையின்மேல் ஒரு துளி நீரில் முளைவிட்டு, இலையின் அடியிலுள்ள மூச்சுத் துளை வழியாக உள்ளே நுழைவதைப் பூதக்கண்ணாடிக் கருவியில் கண்டு படமாக வரைந்தார். பல மைல் தூரத்துக்கு ஒரே செடியை நட்டால் இந்தப் பூசணத்துக்குக் கொண்டாட்டம்தான் என்பதையும் எடுத்துச் சொன்னார். பால்மரமும் செம்பனையும் வரிசை வரிசையாக நிற்கும் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும்.

துரைமார் எதிர்பார்த்தது மருந்து. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தை வெளியே எடுக்க வழியில்லை, நுழையும் முன்பே தடுக்க வேண்டும் என்று வார்டு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். பலருக்கு அது ஏமாற்றம். ஆனால் பொய்யான நம்பிக்கை கொடுத்திருந்தால் இன்னும் எத்தனை குடும்பங்கள் காப்பியையே கட்டிக்கொண்டு அழுதிருக்கும்! பூசணத்தைத் தடுக்கும் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைப் பிரான்சில் வெளியிட்டது 1885-இல். அதற்குள் இலங்கை மலைகள் தேயிலைக்கு மாறத் தொடங்கிவிட்டன. காப்பிக்குப் பருவத்தில்தான் ஆள் தேவை. தேயிலைக்கோ வருஷம் முழுதும் ஆள் வேண்டும். போய் வந்துகொண்டிருந்த நம்மவர்கள் அங்கேயே குடும்பத்தோடு தங்கியது அதனால்தான்.

ஊர் திரும்பிய வார்டு 1895-இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். நோய் எப்படி நுழைகிறது என்று கண்டவருக்கு, சில செடி மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்ற கேள்வி விடவில்லை. ஒருவகைப் புல்லையும் அதன் துரு நோயையும் எடுத்துக்கொண்டார். 1902-இல் அவர் எழுதியது வியப்பானது. நோய் தாங்கும் புல்லிலும் பூசணம் அதே துளை வழியாகத்தான் நுழைகிறது. ஆனால் அது தொட்ட இடத்துச் செல்கள் சீக்கிரமே செத்துவிடுகின்றன. உயிருள்ள செல்லைத் தின்றே வாழும் பூசணம் அங்கே பட்டினியால் மடிகிறது. நாலு செல்லைப் பலி கொடுத்துச் செடி தன்னைக் காப்பாற்றிக் கொள்கிறது! செடிகளின் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்கு இது பெரிய வாசலாயிற்று.

1906 ஆகஸ்டு 26-இல், 52 வயதிலேயே அவர் காலமானார். மகன் பிராங்க் கிங்டன் வார்டு பின்னாளில் பர்மா, திபெத்துப் பக்கம் செடி தேடி அலைந்து புகழ்பெற்றார்.

வார்டு படம் வரைந்த அந்த மூச்சுத் துளைகளைப் பற்றிச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2006-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு செய்தி கண்டார்கள். கெட்ட பாக்டீரியா வந்ததை உணர்ந்ததும் இலை துளைகளை மூடிக்கொள்கிறதாம். விடுமா அது? கொரோனடின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. செடிக்குள் ஜாஸ்மோனேட் என்றொரு ஹார்மோன் உண்டு. அதன் உறவுப் பொருள் ஒன்று முதலில் ஜாதிமல்லி எண்ணெயில் கிடைத்ததால் அந்தப் பெயர். கொரோனடின் அந்த ஹார்மோனைப் போலவே வேஷம் போடுகிறது. தன் வீட்டுக் குரல்தான் என்று ஏமாந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் இலை மறுபடியும் கதவைத் திறந்துவிடுகிறது.