இராபர்ட் புரூஸ் ஃபூட்: உழைப்பும் முதுமையும்

தோற்றுவாய்

உழைப்பு மனிதனுக்கு அணிகலன் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின் அவ்வுழைப்பு எத்தகைய இடத்தில், எத்தகைய காற்றில், எத்துணை ஓய்வோடு நிகழ்ந்தது என்பதை ஆராய்வார் சிலரே. இளமையில் உடல் எதனையும் தாங்கும். தாங்கியவற்றிற்கெல்லாம் முதுமையே கணக்குக் கேட்கும். தொழிலை விட்டு நீங்கிய பின்னரே தொழிலின் இயல்பு உடலில் வெளிப்படுதல் பலரிடத்தும் காணப்படும் உண்மையாகும். இத்தாலிய மருத்துவராகிய இரமாசினி என்பார், 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டு, நோயாளியைக் காணும் மருத்துவன் அவன் செய்யும் தொழில் யாதென்றும் கேட்டறிதல் வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

அவ்வினாவை, நம் சேர்வராயன் மலையில் தம் முதுமையைப் பயனுறக் கழித்த பேரறிஞர் ஒருவரது வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அவர்தாம் இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்பெறும் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார்.

பிறப்பும் பணியேற்பும்

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் நகரில் தோன்றினார். தம் இருபத்து நான்காம் அகவையில், 1858-இல், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்தார். தாமஸ் ஓல்டம் என்பார் 1851-இல் தலைமையேற்று வளர்த்து வந்த அத்துறை அக்காலத்தில் இளந்துறையாகவே இருந்தது. நாட்டின் பாறைகள் எவை, அவை எவ்வடைவிற் கிடக்கின்றன, அவற்றுள் பயன்படு பொருள் யாது என்று கண்டு படம் வரைதலே அத்துறையினர் கடமை. ஃபூட்டுக்குச் சென்னை மாகாணம் வாய்த்தது.

அவர் தம் தோழர் வில்லியம் கிங் என்பாருடன் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு ஆகிய மாவட்டப் பகுதிகளைச் சுற்றி ஆராய்ந்தார். இருவரும் எழுதிய அறிக்கை 1864-இல் வெளிவந்தது. எனவே சேலம் நாட்டு மலைகள் அவருக்கு முதுமையில் அறிமுகமானவையல்ல. இளமையில் ஆராய்ந்து அறிந்தவை.

இதற்கிடையே, 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செந்நிறச் சரளைக் குழி ஒன்றில் மனிதன் கைப்படச் செதுக்கிய கற்கருவி ஒன்றை அவர் கண்டெடுத்தார். இந்நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற் சான்று அதுவே. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அவ்வாண்டிலேயே கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் பல கருவிகளைக் கண்டார். அவ்வூரில் சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர் அகழ்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை.

கூடார வாழ்வு

இனி, அவர் உழைத்த முறையை நோக்குவோம். நிலவியலார்க்கு ஆண்டு இரு கூறாகப் பகுக்கப்பட்டிருந்தது. மழை நீங்கிக் குளிர் தொடங்கியதும் கூடாரமும் மாட்டு வண்டியும் குதிரையுமாகப் புறப்பட்டுவிடுவர். நாள்தோறும் காலையில் நடந்தும் ஏறியும் இறங்கியும் பாறைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். மாலையில் கண்டவற்றை ஏட்டிற் குறிப்பர். கோடை முற்றியதும் தலைமை நிலையம் திரும்பி, சேர்த்த கற்களை ஆராய்வதிலும் அறிக்கை எழுதுவதிலும் ஈடுபடுவர். உடல் ஓயும்போது அறிவு உழைக்கும். அறிவு தேக்கமுறுமுன் மீண்டும் கால்கள் உழைக்கும். திறந்த வெளியே பணிமனை; வீசுங்காற்றே மூச்சு.

இவ்வாழ்வு இன்னல் அற்றதன்று. காட்டோரங்களிலும் மலையடிவாரங்களிலும் விடாக் காய்ச்சல் பலரை வாட்டியது. மலேரியாக் கிருமி கொசுவினிடத்தே வளர்தலை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் 1897-இல் கண்டறியும் வரை, அக்காய்ச்சல் கெட்ட காற்றால் வருவதென்றே பலரும் எண்ணினர். அவ்வாண்டுக்கு முன்னரே ஃபூட்டின் அரசாங்கப் பணி முடிந்துவிட்டது. அத்துறையினரே ஆகிய ஸ்டோலிஸ்கா என்பார், திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் கிடைத்த தொல்லுயிர்ச் சின்னங்களைப் பெரிதும் ஆராய்ந்த பேரறிஞர், யார்க்கண்டு நாட்டுக்குச் சென்று திரும்புகையில், உயர்மலைக் கணவாய்களின் கடுமை தாங்காது 1874-இல் லடாக்கில் உயிர் நீத்தார். அவருக்கு முதுமை என்பதே வாய்க்கவில்லை, அகவை முப்பத்தாறு.

ஃபூட்டோ முப்பத்து மூன்று ஆண்டுகள் அப்பணியில் நிலைத்து நின்றார். மதுரை, திருநெல்வேலி நாடுகளின் நிலவியலை 1883-இல் எழுதி வெளியிட்டார். கர்நூல் நாட்டுப் பில்லசுர்க்கம் குகைகளை 1884-ஆம் ஆண்டு முதலாக ஆராய்ந்தார். அவர் மகனாரும் அக்குகைகளை அகழ்வதில் உடனுழைத்தார். தென்னாட்டில் பொன் விளையும் பழம்பாறைகள் ஒரு தனித் தொகுதியைச் சார்ந்தவை எனக் கண்டு, அத்தொகுதிக்குத் தார்வார் எனப் பெயரிட்டவரும் இவரே.

ஏற்காட்டு வாழ்வு

1891-இல் தம் ஐம்பத்தேழாம் அகவையில் ஃபூட் ஓய்வு பெற்றார். உபகாரச் சம்பளம் உண்டு. நெஞ்சில் உரமும் உண்டு. தாய்நாடு திரும்புதல் அக்கால வழக்கமாயிருக்க, அவர் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள ஏற்காட்டைத் தம் இல்லமாகக் கொண்டார். ஆங்கு அவர் வாழ்ந்த மனைக்கு ஐவி காட்டேஜ் என்று பெயர்.

ஏற்காடு அவர் குடும்பத்திற்குப் புதிய இடமன்று. அவர்தம் மாமனாராகிய பீட்டர் பெர்சிவல் ஐயர் தம் இறுதி நாட்களைக் கழித்ததும் அம்மலையிலேயே. தமிழ் பயில்வோர் பெர்சிவலை மறத்தல் இயலாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணை கொண்டு திருமறையைத் தமிழாக்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். தமிழ்ப் பழமொழிகளை ஆறாயிரத்துக்கு மேல் தொகுத்து 1874-இல் அச்சேற்றியவர். அவர் எண்பதை நெருங்கிய அகவையில் 1882-இல் ஏற்காட்டில் மறைந்தார்.

ஓய்வு பெற்ற ஃபூட் ஓய்ந்திருந்தாரல்லர். பரோடா அரசுக்காக அந்நாட்டின் நிலவியலை ஆராய்ந்தார். அந்நூல் 1898-இல் வெளிவந்தது. மைசூர் அரசு 1894-இல் தொடங்கிய நிலவியல் துறைக்கும் முதல் தலைவராய்ச் சில காலம் பணியாற்றினார். பின்னர் ஏற்காட்டில் அமைதியாக அமர்ந்து, நாற்பது ஆண்டுகளாகத் தாம் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் முறைப்படுத்தினார். சேர்வராயன் மலையிற் கிடைக்கும் மெருகேற்றிய கற்கோடரிகளும் அவற்றுள் அடங்கும். மலையூர் மக்கள் அத்தகைய கோடரிகளைத் தெய்வத்தன்மை உடையனவாகக் கருதிப் பிள்ளையார் திருமுன் வைத்து வணங்கி வந்தனர். தொகுதி முழுவதும் 1904-இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையை அடைந்தது. அதற்குரிய விரிவான விளக்கப் பட்டியலை எழுதுவதே அவர்தம் இறுதிப் பெரும்பணியாயிற்று.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாவில், எழுபத்தெட்டாம் அகவையில் ஃபூட் மறைந்தார். அவர் எழுதிய பட்டியலும் குறிப்புகளும் 1914-இலும் 1916-இலும் இரு நூல்களாக வெளிவந்தன. ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் அவர் நினைவுச் சின்னம் உள்ளது. பணி நீங்கிய பின் இருபத்தோர் ஆண்டுகள். அவையனைத்தும் விளைச்சல் தந்த ஆண்டுகள்.

ஒப்புநோக்கு

இந்நல்ல முதுமை எங்ஙனம் வாய்த்தது? ஒருவர் வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் பிழையாகும்; பிறவி உடலுரமும் நல்லுணவும் துணை நின்றிருக்கும். எனினும் அவர் தொழிலில் அமைந்திருந்த நான்கு நலன்கள் வெளிப்படை. ஒன்று, தூய காற்று. இரண்டு, ஆண்டுதோறும் தவறாது வந்த இளைப்பாறுங் காலம். மூன்று, தம் வேலையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை. நான்கு, முதுமையில் பசிக்கு அஞ்சாதிருக்கச் செய்த உபகாரச் சம்பளம்.

இந்நான்கும் இல்லாவிடத்து, அதே கல்லும் அதே சுத்தியலும் என் செய்யும் என்பதைக் கோலார் தங்கவயல் காட்டுகின்றது. அவ்வயலும் தார்வார்ப் பாறைகளின்பாற் பட்டதே. ஆயின் அங்கு உழைத்தோர், பெரும்பாலும் வடஆர்க்காடு முதலிய நம் மாவட்டங்களினின்று சென்ற தமிழர், வானத்தின் கீழ்க் கல்லைத் தட்டினாரல்லர். பல்லாயிரம் அடி ஆழத்தில், வெப்பத்திலும் வெடிமருந்துப் புகையிலும் கல்லைத் துளைத்தனர். துளைக்குங்கால் எழும் மென்றூளில் கண்ணுக்குப் புலனாகாத படிகக்கல் அணுக்கள் உள்ளன. அவை நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை சென்று தங்குகின்றன. அவற்றை விழுங்கி அகற்ற முயலும் உயிரணுக்கள் தாமே மடிகின்றன. அவ்விடம் வடுவாகித் தடிக்கின்றது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பல்லாண்டு கழித்தே தலைகாட்டும். தூசியை விட்டு நீங்கிய பின்னும் வளரும். காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடும். மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை.

கோலாரில் 7,653 தொழிலாளரைச் சோதித்து 1947-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் இந்நோய் உடையராய்க் காணப்பட்டனர். அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. சுரங்கம் மூடினாலும், அதன் தூசி உழைத்தவர் மார்பினின்று நீங்குவதில்லை.

கோலார் வரை செல்லவும் வேண்டா. ஃபூட் முதற் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரத்துக் குன்றுகளும் அவர் முதுமை கழித்த சேர்வராயன் மலையும் சார்னோக்கைட்டு என்னும் ஒரே இனப் பாறையால் ஆனவை. அப்பாறையில் படிகக்கல் உண்டு. பல்லாவரத்துக் குன்றுகளில் நெடுங்காலம் கல்லுடைக்கும் தொழில் நடந்தது. ஒரே பாறை, ஒருவருக்குப் புகழும் நீண்ட ஆயுளும் தந்தது. வாயும் மூக்கும் மூடாது அதனை நாளெல்லாம் உடைக்கும் கூலியாளுக்கு இருமலைத் தருகின்றது.

மலைக்காற்று ஒன்றே போதும் என்பதும் பொருந்தாது. கலெக்டர் காக்பர்ன் காலந்தொட்டு ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் உள்ளன. அதே குளிர்காற்றில், மழையில் நனைந்து, அட்டைக்கடியும் சுமையும் தாங்கிய தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவமும் தரவேண்டும் என்று சட்டம் வந்தது 1951-இலேதான். காற்று ஒன்றாயினும், உழைப்பின் நிலை வேறு. ஆகவே முதுமையும் வேறு.

முடிவுரை

கடின உழைப்பு உடலைக் கெடுக்கும் என்பது தவறு. ஃபூட் உழைத்ததைவிடக் கடினமாக நடந்தோர் சிலரே. கெடுப்பது, உழைப்புக்கு அமைந்த நிலையே. தூசியை நீரால் தணித்தல், புதுக்காற்றைப் புகவிடுதல், முறையான ஓய்வு தருதல் ஆகியவை முதலாளியின் கருணைச் செயல்கள் அல்ல. தொழிலாளியின் முதுமைக்கு இன்றே செலுத்த வேண்டிய கடன்கள். நோய் பின்னரே தோன்றுவதால், வேலையை விட்டு நின்ற தொழிலாளியையும் ஆண்டுதோறும் மருத்துவர் சோதித்தல் வேண்டும். எந்தச் சுரங்கத்தில், எத்தனை ஆண்டு உழைத்தான் என்ற சான்று அவன் கையிலேயே இருத்தல் வேண்டும். அஃதின்றேல், கூலியை வாங்கியபோது எண்ணப்பட்ட மனிதன், மூச்சு வாங்கும்போது எண்ணப்படாது போவான்.

மாணவத் தோழர்களே! நம்முள் சிலர் நாளை ஆலைகளையும் சுரங்கங்களையும் நடத்துவர்; சிலர் மருத்துவராவர்; சிலர் சட்டம் இயற்றுவர். ஏற்காட்டு ஆலயத்தில் ஃபூட் பெரியாரின் நினைவுச் சின்னத்தைக் காண நேரின், அவர் கண்ட கற்கோடரியை மட்டும் நினையாது, அவருக்கு வாய்த்த இருபத்தோர் ஆண்டு ஓய்வையும் நினைவோமாக. அத்தகைய மாலைப்பொழுது கல்லுடைக்கும் கடைசிக் கூலியாளுக்கும் வாய்க்கச் செய்தல் நம் தலைமுறையின் கடனாகும்.