கிணற்றில் குதித்த சியாம்
ஸானே குருஜியின் இளமைப் பருவம்

பவனை ஆறு முளா ஆற்றோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்தது சாங்வி. சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை வயலும் ஆற்றங்கரையுமாக இருந்த கிராமம் அது. இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதி. மாடி வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இங்கே குடியிருக்கும் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினால், பேச்சு எப்படியும் ஊர்க் கண்மாய்க்கும் பம்புசெட் கிணற்றுக்கும் போய்விடும். காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்பிய காலம் அது. இன்றோ பிள்ளை மாடிப்படி இறங்கினாலே எங்கே போகிறாய் என்று கேட்கிறோம்.

இந்த ஏக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. நாம் பிழைக்க வந்த மராட்டிய மண்ணில் வீட்டுக்கு வீடு அறிந்த ஒரு நூல் இதே இளமைப் பருவத்தைச் சொல்கிறது. அதை எழுதியவர் ஸானே குருஜி. தமிழோடும் அவருக்கு நெருங்கிய உறவு உண்டு.

பயந்தாங்கொள்ளிப் பிள்ளை

பாண்டுரங் ஸதாசிவ் ஸானே 1899-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, கொங்கணத்தில் ரத்னகிரி மாவட்டத்துப் பால்கட் கிராமத்தில் பிறந்தார். ஓரளவு வசதியாக இருந்த குடும்பம் அவருடைய சிறு வயதிலேயே நொடித்துப்போனது. கடைசியில் குடியிருந்த வீடும் பறிபோனது. ஆனால் பிள்ளைகளுக்கு ஊர் முழுவதும் சொந்தம். மரமும் பறவையும் கோயிலும் கிணறும் அவர்களுடைய பள்ளிக்கூடங்கள்.

தம் தாய் யசோதாவை நினைத்து அவர் எழுதிய நூல் ‘ஷ்யாம்சி ஆயி’, அதாவது சியாமின் தாய். அதில் தமக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் சியாம். நூலில் வரும் நீச்சல் கதை மராட்டியப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

மழைக்காலத்தில் கொங்கணக் கிணறுகள் ததும்பி நிற்கும். ஊர்ப் பையன்கள் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். தெரியாத சிறுவர்களுக்குப் பெரிய பையன்கள் இடுப்பில் மிதவை கட்டி நீந்தப் பழக்குவார்கள். நம் ஊரில் சுரைக்குடுக்கை கட்டிப் பழக்கியது போலத்தான். சியாமுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். ஒருநாள் கூட்டிப்போக வந்த பையன்களுக்குப் பயந்து வீட்டுப் பரணில் ஒளிந்துகொண்டான். தாய் கம்பை எடுத்து வந்து அடித்து வெளியே இழுத்தாள். சியாம் கிணற்றுக்குப் போனான், குதித்தான், பிழைத்தான். வீடு திரும்பிய பிள்ளையின் உடம்பில் இருந்த தழும்புகளைப் பார்த்துக் கண் கலங்கியதும் அவள்தான். தன் மகனை நாலு பேர் கோழை என்று சொல்லக்கூடாது என்பதே அவள் கவலை. அடுத்த முறை யாரும் சொல்லாமலே சியாம் கிணற்றுக்குப் போனான்.

இன்று நாம் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று பிள்ளையை அடக்குகிறோம். அந்தத் தாய் ஏன் போகவில்லை என்று அடித்தாள். கம்பு எடுத்ததை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவள் நோக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. முதலில் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு கையை விட்டார்கள். கிணற்றடியில் பெரிய பையன்களின் கை இருந்தது. தெருவில் ஊராரின் கண் இருந்தது.

பின்னர் தாபோலியில் படித்தபோது, அங்கிருந்து பல மைல் தூரம் நடந்தே பால்கட்டுக்கு வந்து தாயைப் பார்த்துவிட்டுத் திரும்புவான் சியாம். 1917-ல் யசோதா காலமானார். கடைசி நேரத்தில் அருகில் இருக்க முடியவில்லையே என்ற துயரம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

கம்பு எடுக்காத வார்டன்

புனாவில் நூதன் மராத்தி வித்யாலயத்திலும் நியூ பூனா கல்லூரியிலும் படித்து முடித்தவர், 1924-ல் கான்தேசத்தில் உள்ள அமள்நேரில் பள்ளி ஆசிரியரானார். மாணவர் விடுதிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. பையன்கள் அறையைக் குப்பையாகப் போட்டுவிட்டுப் போனால் அதட்டமாட்டார். தாமே பெருக்கி, படுக்கையை மடித்து வைப்பார். பையன்கள் வெட்கப்பட்டுத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். கண்காணிக்க வேண்டிய பதவியில் இருந்துகொண்டே, கண்காணிப்பு தேவைப்படாத பிள்ளைகளை உருவாக்கினார்.

1930-ல் வேலையை உதறிவிட்டுச் சட்டமறுப்பு இயக்கத்தில் குதித்தார். துலே, நாசிக், எரவாடா என்று பல சிறைகள். அவற்றில் ஒன்று திருச்சி. அங்கே தமிழ்க் கைதிகளுடன் பழகித் தமிழ் கற்றார். பிற்காலத்தில் திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்துத் தந்தார். இந்திய மொழிக்காரர்கள் ஒருவர் மொழியை ஒருவர் கற்க வேண்டும் என்ற அவருடைய ‘ஆந்தர் பாரதி’ கனவுக்கு இந்தச் சிறைவாசம் ஒரு வித்து. 1933 பிப்ரவரியில் நாசிக் சிறையில் ஐந்தே நாட்களில் ‘ஷ்யாம்சி ஆயி’யை எழுதி முடித்தார். அது 1953-ல் ஆசார்ய அத்ரேயின் இயக்கத்தில் திரைப்படமாகி, முதல் தேசிய விருதுகளில் ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது.

யாருக்குத் திறந்திருந்தது?

பழைய காலத்தைப் புகழும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் கிணறுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை அதில் குதிக்க முடியாது. அதன் அருகிலேயே வர முடியாது. பெண் குழந்தைகளுக்கோ சிறு வயதிலேயே கல்யாணம். யசோதாவின் பிள்ளை இதை மறந்துவிடவில்லை. பண்டரிபுரம் விட்டோபா கோயில் ஹரிஜனங்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்று 1947 மே மாதம் உண்ணாவிரதம் இருந்தார். பத்து நாட்களில் கோயில் இணங்கியது. தாம் சிறுவனாக அனுபவித்த சுதந்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று எண்ணியவரின் செயல் அது.

1948 ஆகஸ்ட் 15-ந் தேதி ‘ஸாதனா’ வார இதழைத் தொடங்கினார். 1950 ஜூன் 11-ந் தேதி, ஐம்பது வயதிலேயே மறைந்தார்.

நாம் செய்யக்கூடியது

சாங்வியில் முளாவும் பவனையும் இன்று பிள்ளைகள் இறங்கத் தகுந்த ஆறுகளாக இல்லை. சாக்கடை கலந்து ஓடுகின்றன; மழைக்காலத்தில் அணையைத் திறந்துவிட்டால் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் வருகிறது. தெருவில் வண்டிகளுக்கும் குறைவில்லை. பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதற்காகப் பரணில் ஒளிந்த பிள்ளையைப் பரணிலேயே வளர்க்க முடியுமா? மாநகராட்சி நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொடுக்கலாம். சாலையைக் கடக்கப் பழக்கி, பிறகு கடைக்குத் தனியே அனுப்பலாம். பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளைகளோடு விளையாட விட்டால், திருச்சிச் சிறையில் அவர் நம் மொழியைக் கற்றது போல நம் பிள்ளைகளும் அவர் மொழியைத் தாமே கற்றுக்கொள்வார்கள். கண்மாயைச் சாங்விக்குக் கொண்டுவர நம்மால் ஆகாது. கற்றுக்கொடுத்துவிட்டுக் கையை விடுவது நம்மால் ஆகும்.