யாரும் பார்க்கலைன்னாலும் தப்பு தப்புதான்! - மணல் குழியில் தோற்று, மனசை ஜெயித்த பாபி ஜோன்ஸ்

டி.வி-யில் கோல்ஃப் ஆட்டம் ஓடும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பச்சைப் புல்லுக்கு நடுவே ஆங்காங்கே மணல் நிரம்பிய குழிகள் இருக்கும். அதன் பெயர் பங்கர். பந்து அதில் விழுந்தால் ஆட்டக்காரர் இறங்கி, மணல் பறக்க ஒரு அடி அடிப்பார். அதன் பிறகு, நீளக் கைப்பிடியும் பற்களும் கொண்ட ஒரு ரேக்கை எடுத்து, தன் காலடித் தடங்களை யாராவது அழித்துவிட்டுப் போவார்கள்.

எதற்கு இந்த வேலை? பின்னால் வருபவரின் பந்து அந்தத் தடத்துக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சரி, அழிக்காமல் போனால் என்ன தண்டனை? பொதுவாக ஒன்றுமே இல்லை. ஸ்கோரில் ஒரு ஸ்ட்ரோக்கூட ஏறாது. போகிறவரின் மனசாட்சியை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள்.

'பங்கர் என்பதே தண்டனைக் குழிதானே... அதை எதற்குச் சீவி அழகுபடுத்தணும்? ரேக்கைத் தூக்கிப் போடுங்கள்' என்று ஒரு கட்சி உண்டு. 'மணல் தண்டிக்கட்டும், ஆனால் முன்னால் போனவரின் சோம்பேறித்தனம் என்னைத் தண்டிக்கக் கூடாது' என்பது எதிர்க்கட்சி. இரண்டிலுமே நியாயம் இருக்கிறது, இல்லையா? இந்தக் கேள்விக்குள் போக ஒரு மனிதரின் கதை உதவும். அவர்தான் பாபி ஜோன்ஸ்.

கோபக்காரச் சிறுவன்

1902-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி, அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்தார் ஜோன்ஸ். குழந்தையாக இருந்தபோது அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். குடும்பம் ஈஸ்ட் லேக் கோல்ஃப் மைதானத்தின் பக்கம் குடிவந்தது. அங்கே ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஸ்டூவர்ட் மெய்டன் என்ற பயிற்சியாளர் இருந்தார். ஜோன்ஸ் அவரிடம் முறையாக உட்கார்ந்து பாடம் படிக்கவில்லை. அவர் பின்னாலேயே சுற்றி, அவர் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டார்.

14 வயதில் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் கால் இறுதி வரை போனார். ஊரே வாயைப் பிளந்தது. ஆனால், பையனுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஷாட் தப்பினால் மட்டையைத் தூக்கி எறிவார். 1921-ல் அப்படி எறிந்த மட்டை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் பட்டது. 'கோபத்தை அடக்காவிட்டால் இனி எங்கள் போட்டிகளில் ஆட முடியாது' என்கிற ரீதியில் அமெரிக்க கோல்ஃப் சங்கத்திலிருந்து எச்சரிக்கையே வந்துவிட்டது.

மணலில் விழுந்த மானம்

அதே 1921. கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்தது. மூன்றாவது ரவுண்டில் முதல் ஒன்பது குழிகளுக்கே 46 ஸ்ட்ரோக். 11-வது குழியில் பந்து 'ஹில் பங்கர்' என்ற ஆழமான மணல் பள்ளத்துக்குள் போனது. அடித்துப் பார்த்தார், வெளியே வரவில்லை. பொறுமை போய்விட்டது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, போட்டியே வேண்டாம் என்று விலகிவிட்டார்.

தோற்பது வேறு, பாதியில் விட்டுவிட்டுப் போவது வேறு. கோல்ஃப் உலகில் இது பெரிய மரியாதைக் குறைவு. வாழ்நாள் முழுக்க ஜோன்ஸ் இதை நினைத்து வெட்கப்பட்டார். அவருடைய மாற்றம் இந்த மணல் குழிக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மாறியவர் எந்த அளவுக்கு மாறினார் என்பதை 1925-ல் உலகம் பார்த்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்செஸ்டரில் அமெரிக்க ஓப்பன். முதல் ரவுண்டின் 11-வது குழியில், உயரமான புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது துளி அசைந்தது. அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தானாகவே போய்ச் சொல்லி, தனக்கு ஒரு ஸ்ட்ரோக் அபராதம் போட்டுக்கொண்டார். நாங்கள் யாரும் பார்க்கவில்லையே என்று அதிகாரிகள் சொல்லியும் கேட்கவில்லை.

கடைசியில் என்ன ஆனது தெரியுமா? வில்லி மெக்ஃபார்லேனும் ஜோன்ஸும் 291 ஸ்ட்ரோக்குகளில் சமநிலை. அந்த ஒரு ஸ்ட்ரோக் இல்லையென்றால் அன்றைக்கே கோப்பை ஜோன்ஸ் கையில். பிளே-ஆஃப் நடந்தது. முதல் 18 குழிகளிலும் சமநிலை. அடுத்த 18-ல் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். அவர் நேர்மையை எல்லோரும் பாராட்டியபோது, அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. செய்ய வேண்டியதைச் செய்ததற்கு எதற்குப் பாராட்டு என்பதுதான் அவர் எண்ணம்.

மணல் வென்று கொடுத்த கோப்பைகள்

மறு வருடமே, 1926 பிரிட்டிஷ் ஓப்பனில், இங்கிலாந்தின் ராயல் லிதம் மைதானத்தின் 17-வது குழியில் பந்து மீண்டும் மணலில் போய் விழுந்தது. இந்த முறை மட்டை பறக்கவில்லை. சுமார் 170 கஜ தூரத்தில் இருந்த கிரீனுக்கு மணலிலிருந்தே பந்தை அனுப்பி, கோப்பையைத் தட்டினார். அந்த இடத்தில் இன்றும் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

1927-ல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜெயித்தார். கோப்பையை ஊருக்குக் கொண்டுபோகாமல், அங்குள்ள கிளப்பிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் அவர் அவமதித்த ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

1930-ல் அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளின் ஓப்பன், அமெச்சூர் என நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அதற்கான பயணத்தின் முதல் ஆட்டத்திலேயே, செயின்ட் ஆண்ட்ரூஸின் 4-வது குழியில், பங்கரிலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் போனது! மொத்தம் 13 பெரிய பட்டங்கள். கடைசிவரை பரிசுப் பணம் வாங்காத அமெச்சூர். ஜார்ஜியா டெக்கில் இன்ஜினீயரிங், ஹார்வர்டில் இலக்கியம், பிறகு வக்கீல் தொழில். 28 வயதில் போட்டிகளுக்கு குட்பை சொல்லிவிட்டார்.

ரேக்கே வில்லனான கதை

ரேக் என்றால் எப்போதும் மணலைச் சமன்படுத்துவது என்று நினைக்காதீர்கள். பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில் கனமான, அகலப் பற்கள் கொண்ட ரேக்கால் பங்கர் மணலில் உழவுச்சால் மாதிரி பள்ளங்கள் போட்டு வைத்தார்கள். சாலுக்குள் பந்து விழுந்தால் வெளியே எடுப்பதே பெரும்பாடு. 1927-ல் அமெரிக்க ஓப்பன் அங்கே நடந்தபோது ஜோன்ஸுக்குக் கிடைத்தது 11-வது இடம். அவர் ஆடிய அமெரிக்க ஓப்பன்களிலேயே முதல் பத்துக்கு வெளியே போனது அந்த ஒருமுறைதான்.

ஆனாலும் அந்தச் சால் எல்லோருக்கும் பொது. ஒருவர் விட்டுச்செல்லும் காலடித் தடம், பின்னால் வருகிற ஒருவரை மட்டும் தண்டிக்கும். விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மறைக்கக் கூடாத பக்கம்

ஓய்வுக்குப் பிறகு, நண்பர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸுடன் சேர்ந்து அகஸ்டா நேஷனல் கிளப்பை உருவாக்கினார். 1934 முதல் அங்கே நடப்பதுதான் மாஸ்டர்ஸ் போட்டி. ஆட்டக்காரர் தவறாக அடித்தால் கை தட்டாதீர்கள் என்று 1967-ல் பார்வையாளர்களுக்கு அவர் எழுதிய வேண்டுகோளை இன்றும் அங்கே அச்சிட்டுத் தருகிறார்கள்.

ஆனால், இன்னொன்றையும் சொல்லியாகணும். 1982 வரை மாஸ்டர்ஸில் பை சுமந்த கேடிகள் அந்த கிளப்பின் கறுப்பின ஊழியர்கள். கறுப்பினத்தவர் ஒருவர் அந்த கிளப்பில் உறுப்பினராக 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு 2012 வரை. ஆட்டத்தில் அவ்வளவு நியாயம் பார்த்தவர் கட்டிய வீட்டின் வாசல், பலருக்கு மூடியே இருந்தது.

முதுகுத்தண்டைப் பாதிக்கும் அரிய நோயால் 1948-க்குப் பிறகு ஜோன்ஸால் ஆட முடியவில்லை. சக்கர நாற்காலியில் முடங்கினார். 1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவருக்கு நகரின் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃப்ராங்ளின்! 1971 டிசம்பர் 18-ல் ஜோன்ஸ் காலமானார். செயின்ட் ஆண்ட்ரூஸின் 10-வது குழிக்கு இன்று அவர் பெயர். அவர் பொறுமை இழந்து விலகிய 11-வது குழி, அதற்கு அடுத்ததுதான்.

அப்படியானால் பங்கருக்கு ரேக் வேணுமா, வேண்டாமா? கோல்ஃப் கிளப்புகள் பேசி முடிவெடுக்கட்டும். நம்மில் பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்கக்கூட மாட்டோம். ஆனால் ஆபீஸ் பேன்ட்ரி, அபார்ட்மென்ட் லிஃப்ட், ரயில் வாஷ்பேசின் என நாம் தினமும் இறங்கி ஏறும் பங்கர்கள் நிறைய. அங்கே ரேக்கும் கிடையாது, அபராதமும் கிடையாது. அடுத்து வருபவருக்காக நம் தடத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்புகிறோமா? இன்றைக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்களேன்!